தோற்க வராது என்று சொன்னவன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பூந்தமல்லி வீட்டு பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எனக்குக் கண் தானாகச் சொருகும். தெருமுனையில் மெட்ரோ வேலைக்காக இரும்பைத் தட்டும் சத்தம் தூரத்தில் கேட்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காயில் மோதும் சத்தமாக மாறிவிடும். பவுடர் வாசனைகூட வரும். போன வாரம் அப்படித்தான் பாதிக் கனவில் இருந்தேன், போனில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. பருத்திப்பட்டில் நான் வேலை பார்த்த இளைஞர் மன்றத்தை இப்போது நடத்துகிற பிள்ளைகள் அனுப்பியது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? மன்றத்துல சாதனையாளர் சுவர்னு ஒண்ணு பெயிண்ட் பண்றோம்க்கா. உங்க காலத்துல நடந்ததுலயே பெரிய சாதனை எது, யார் பண்ணதுன்னு சொல்லுங்க. சுருக்கமா ஒரு வரி போதும்."

ஒரு வரியாம்! அடேயப்பா, சுவருக்கு இடம் பத்தாதாம். கேட்டதுமே ஒரு பெயர் மனதில் வந்துவிட்டது. அதை ஒரு வரியில் எழுத முடியாது, சுவரிலும் எழுத முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இருவரும் இப்போது பிள்ளை குட்டிக்காரர்கள், என்னைவிட நிதானமானவர்கள்.

நான் மன்றத்துக்கு வந்த கதை சின்னது. திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு. டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். மன்றத்தில் ஒரு பெண் அமைப்பாளர் இருந்தால்தான் பெண் பிள்ளைகளை அனுப்புவோம் என்று பருத்திப்பட்டுத் தாய்மார்கள் ஒற்றைக்காலில் நின்றார்களாம். யாரோ என் பெயரைச் சொல்ல, அம்பத்தூரில் ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதலுதவி, விசில் ஊதுவது, கயிற்றில் விதவிதமாக முடிச்சுப் போடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். முடிச்செல்லாம் அடுத்த மாதமே மறந்துவிட்டது. வேறு வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

என்னிடம் ஒரு கோளாறு உண்டு. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே கனவுக்குள் போய்விடுவேன். மன்றத்தின் ஜன்னலைத் திறந்தால் ஏரி. சாயங்கால வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையில் வந்து அசையும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு இந்த உலகம் கிடையாது. வேறு எந்த மேலதிகாரியாக இருந்தாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். எங்கள் செயலாளர் ஞானராஜ் சார் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் தலையைத் திருப்பியதும், "வசந்தாம்மா, வந்துட்டீங்களா? எங்க விட்டேன்..." என்று ஆரம்பிப்பார். கிண்டலா மரியாதையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

சார் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஷிஃப்ட் முடித்து சைக்கிளில் நேராக மன்றத்துக்கு வருவார். பாராட்டு என்பது அவர் வாயில் லேசில் வராது. ஒரு பிள்ளை ஓடிவந்து, "சார், கணக்குல எம்பது மார்க்!" என்றால், "போன வருஷம் எவ்ளோ?" என்பார். எழுபத்தெட்டு என்றால், "ம்" என்று நகர்ந்துவிடுவார். இன்னொருவன் பயந்துகொண்டே, "நாப்பது சார்" என்பான். போன வருஷம் பன்னிரண்டு என்று தெரிந்தால் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். அந்தத் தட்டுக்காக எங்கள் பிள்ளைகள் உயிரை விடுவார்கள்.

எங்கள் மன்றத்தில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. ஜனவரி மாத முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் கூடத்தில் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து, தன்னால் முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தவன் அன்றைக்குக் கூடத்தைப் பெருக்க வேண்டும். அப்படிச் சொன்னதை டிசம்பர் விழாவில் எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். செய்து காட்டினால் ஒரு எவர்சில்வர் டம்ளர். ஆவடி பாத்திரக் கடையில் பிள்ளையின் பெயரையும், கீழே முடியாமல் இருந்தது எது என்பதையும் புள்ளிப் புள்ளியாக வெட்டிக் கொடுப்பார்கள். "கப்பு குடுத்தா ஷோகேஸ்ல தூங்கும். டம்ளர்னா தெனம் காபி குடிப்பான்" என்பது சாரின் கட்சி.

எத்தனை விதமான முடியாமைகள்! திருநின்றவூர் தாண்டித் தனியாகப் பஸ்ஸில் போகப் பயந்த ஒரு பெண், டிசம்பரில் திருவள்ளூர் வரை போய்த் திரும்பி, டிக்கெட்டைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தாள். ஒரு குண்டுப் பையனுக்குச் சீட்டியடிக்க வராது. வருஷம் முழுக்கக் காற்றாக ஊதி எங்கள் காதைத் தின்றான். விழாவன்று சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது அவனுக்குத் திடீரென்று சீட்டி வந்துவிட்டது. கூடமே அதிர்ந்தது. விருந்தினர் முகம் கறுத்துவிட்டது. சார் எழுந்து போய், பேச்சை நிறுத்தச் சொல்லி, அந்த இடத்திலேயே அவனுக்கு டம்ளரைக் கொடுத்தார். அந்த விருந்தினர் அதற்கப்புறம் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இனி தினேஷ்.

பதினேழு வயசுப் பையன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். கேரம் என்றால் அவன்தான். அவன் விரலுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று நினைப்பேன். அடிக்கும் முன்பு ஒரு கணம் அசையாமல் இருப்பான், அப்புறம் காய் தானாகவே வீட்டுக்குப் போவதுபோலப் போய் விழும். நான் பார்த்துக்கொண்டே கனவுக்குள் போய்விடுவேன். ஆனால் எப்போதாவது தோற்றுவிட்டான் என்றால் தொலைந்தோம். பலகையை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே வீசுவான். ஒருமுறை காய் பறந்து சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி உடைந்தது. இன்னொரு முறை பலகையே மூலையில் பிளந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிட மாட்டானாம். அவன் அம்மா வந்து என்னிடம் புலம்புவார்கள்.

"கோலி ஆட்டத்துல தோத்தாலே சோத்துத் தட்ட தள்ளிட்றான்மா. நாளைக்கு ஒரு வேலைக்கு, ஒரு கல்யாணம் காச்சிக்குன்னு போனா இன்னா ஆவறது?"

பலகை பிளந்த அன்று சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ போர்டு கவுந்துச்சு, ஒரு வருஷம் மன்றத்து வாசப்படி மிதிக்கக் கூடாது." சார் சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஜனவரியில்தான் கார்த்திகா சேர்ந்திருந்தாள். ஏரிக்கு எதிரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் குடிவந்த திண்டுக்கல் குடும்பம், அப்பாவுக்கு ஐ.டி. வேலை. பள்ளியில் கேரம் ஆடிப் பரிசெல்லாம் வாங்கிய பெண். வந்த முதல் நாள் தினேஷ் அவளோடு ஆட உட்கார்ந்தான். பெண் பிள்ளையாயிற்றே என்று இடது கையால் ஆடினான். இடது கையாலேயே ஜெயித்தான். வட்டத்தில் அவள் முறை வந்தபோது எழுந்து நின்று, "என்னால தினேஷை ஜெயிக்க முடியாது. அவன் விட்டுக்கொடுக்காம ஆடி, நான் ஜெயிக்கணும்" என்றாள். கூடத்தில் "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்து, சாரின் பார்வையைக் கண்டதும் அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் தினேஷின் முறை வந்தது. எழுந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தோக்க வராது சார்" என்றான்.

நாலைந்து பேர் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அவன் பெருமையடிக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தபின்தான் புரிந்தது. சார் கண்ணாடியைத் துடைத்தார். "சிரிச்சவங்க பெருக்குங்க. தினேசு, எழுதிக்கறேன். கேரம்ல தோக்கணும். நெஜமா தோக்கணும். தோத்துட்டு நிக்கணும்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் சாரிடம் கேட்டேன். "சார், வேணும்னே தோத்தா அது தோல்வி இல்ல. வேணும்னு நெனைக்காம ஆடினா அவன் ஜெயிச்சுடுவான். இத எப்படி சார் செஞ்சு காட்டுவான்?"

"அவன் பாடு" என்றுவிட்டு சைக்கிளை எடுத்தார் சார்.

அந்த வருஷம் முழுக்க அவன் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. தோற்றுப் பழகுவதற்காகத் தெரியாத ஆட்டமெல்லாம் ஆடினான். சின்னப் பிள்ளைகளோடு செஸ் ஆடித் தோற்பான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்பான். முதல் மாதங்களில் அங்கிருந்து தொட்டியை உதைக்கும் சத்தம் வரும். மழைக்காலம் வருவதற்குள் சத்தம் நின்றது. அப்புறம் எதிராளிக்குக் கை கொடுக்கப் பழகினான். அப்புறம் சிரிக்கப் பழகினான். அந்தச் சிரிப்பு முதலில் பல்வலிக்காரன் சிரிப்பு மாதிரி இருக்கும், போகப் போக நிஜமாகவே நன்றாக வந்தது.

சார் மட்டும் மசியவில்லை. "செஸ்ல தோத்தா கணக்கு கெடையாதுடா."

"கேரம்ல யாருமே ஜெயிக்க மாட்டேன்றானுங்களே சார், நான் இன்னா பண்றது?" என்று அழாத குறையாகச் சொன்னான்.

இன்னொரு பக்கம் கார்த்திகா தினமும் பள்ளி முடிந்து வந்து, யாரும் இல்லாத பலகையில் தனியாக அடித்துக்கொண்டிருப்பாள். நான் கணக்குப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து அந்தச் சத்தத்தில் சொக்கிப் போயிருப்பேன். வாரத்துக்கு ஒருமுறை இருவரும் ஆடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவன்தான் ஜெயிப்பான். வித்தியாசம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நவம்பரில், அடுத்த மாத மாவட்டப் போட்டிக்கு மன்றத்தின் சார்பாகப் போகிறவன் தினேஷ் என்று முடிவாகிவிட்டது. அவன் அம்மா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

டிசம்பர் விழா. கூடம் நிறைய அம்மா அப்பாக்கள். மற்றவர்கள் முடித்ததும் நடுவில் பலகையைப் போட்டு இருவரையும் உட்காரவைத்தார் சார். இந்த ஒரு ஆட்டத்தில் இரண்டு டம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஜெயித்தால் அவளுக்கு ஒன்று. அவன் தோற்றுவிட்டு நின்றால் அவனுக்கும் ஒன்று. அவன் ஜெயித்தால் இருவருக்கும் இல்லை.

அன்றைய ஆட்டம் எனக்கு ஒரு நீண்ட கனவாகத்தான் நினைவிருக்கிறது. பவுடர் புகையாக எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக இறங்கியது. சிவப்புக் காய் போய்விட்டது. கடைசியில் இருவருக்கும் ஒவ்வொரு காய்தான் பாக்கி. தினேஷின் கறுப்புக் காய் பாக்கெட்டின் வாயிலேயே நின்றது, ஊதினால் விழும். அவளுடைய வெள்ளை எங்கோ அந்தக் கோடியில். முறை அவனுடையது. ஒரு கணம் அசையாமல் இருந்தான். அடித்தான். காய் பாக்கெட் ஓரத்தில் முட்டி, சுற்றி, திரும்பி வந்து நின்றது.

கூடமே மூச்சை இழுத்தது. கார்த்திகா ஸ்ட்ரைக்கரை வைத்தாள். மூச்சை விட்டாள். அந்தக் கோடியில் நின்ற வெள்ளைக் காய் நேர்கோடாகப் போய் விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு அடியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தினேஷ் எழுந்து நின்றான். சிரித்தான். கையை நீட்டி, "செம ஆட்டம் கார்த்தி" என்றான்.

அங்கேதான் வினை. பின் வரிசையில் ஒருத்தன் சொன்னான், "டேய், வுட்டுக்குடுத்துட்டான்டா! டம்ளருக்காக வுட்டுட்டான்!" இன்னொருத்தன், "பின்ன, வாயில கீற காய எவன்டா மிஸ் பண்ணுவான்? சிரிச்சிகினு வேற நிக்கிறான் பாரு" என்றான். சிரிப்பு பரவியது. கார்த்திகாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நீட்டிய கையை அவள் தொடவில்லை.

"எனக்கு டம்ளர் வேணாம் சார்" என்றாள். "இவன் விட்டுக்கொடுத்துட்டான். வருஷம் பூரா ஆடினேன் சார். கடைசியில மறுபடியும் இடது கையாலதான் ஆடியிருக்கான்." சொல்லி முடிக்கும்போது தேம்பிவிட்டாள்.

"சத்தியமா இல்ல கார்த்தி. நெஜமாவே வுழுல!" என்றான் தினேஷ்.

"பொய் சொல்லாத. நெஜமா தோத்திருந்தா நீ இப்படியா நிப்ப?"

அவன் என்ன செய்வான், சொல்லுங்கள். வருஷமெல்லாம் பாடுபட்டுப் பழகிய பொறுமைதான் இப்போது அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நன்றாகப் பொறுக்கப் பொறுக்க அவள் நம்ப மாட்டாள். சாரைப் பார்த்தான். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிற அவளைப் பார்த்தான். அப்புறம் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குட்டிப் பெண்ணின் தோளைப் பிடித்து மெதுவாகத் தள்ளி உட்காரவைத்தான். நிமிர்ந்தான். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து, "ச்சீ! போங்கடா!" என்று கத்தியபடி கவிழ்த்தான்.

காய்கள் கூடமெங்கும் உருண்டன. கூச்சல். அவன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கார்த்திகா ஒரு கணம் திகைத்து நின்றாள். கன்னத்தில் கண்ணீர் இருக்கும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சார்! நெஜமாவே தோத்துட்டான் சார்! நான் ஜெயிச்சுட்டேன்!" என்று குதித்தாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

நான் முன் வரிசையில் இருந்தேன். அந்தப் பலகை காற்றில் பறக்கவில்லை. பாய் விரித்திருந்த பக்கமாகச் சாய்ந்து, தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பதுபோல இறங்கியது. சாரைத் திரும்பிப் பார்த்தேன். சாரும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் எழுந்தார். கார்த்திகாவின் கையில் டம்ளரைக் கொடுத்தார். அப்புறம் தினேஷைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒரு வருஷம் மன்றத்துப் பக்கம் வரக் கூடாது. மாவட்டப் போட்டிக்குக் கார்த்திகா போவா" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். நான் ஓடிப்போய்ச் சாரின் கையைப் பிடித்து, "சார், நீங்க பாத்தீங்கல்ல?" என்றேன்.

"பாத்தேன்மா. வாயத் தொறந்தா அந்தப் பொண்ணு ஜெயிச்சது போயிடும். கொஞ்சம் இருங்க."

பிள்ளைகளெல்லாம் கார்த்திகாவைச் சுற்றிக் கேசரி தின்றுகொண்டிருந்தபோது, "வாங்க வசந்தாம்மா" என்று சார் பின்வழியாக என்னைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்க மஞ்சளாக இருந்தது. கரையில் தினேஷ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னா சார், திட்றதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்களா?"

"போர்ட ரொம்ப மெதுவா கவுத்தியேடா" என்றார் சார்.

"புது போர்டு சார். ஒடஞ்சா பசங்க எதுல ஆடுவானுங்க?" என்றான்.

"மாவட்டப் போட்டி போச்சே."

"போவட்டும் சார். அந்தப் பொண்ணு அழுதுச்சு. அந்த அடி... நம்ம மன்றத்துல எவனும் அடிக்க மாட்டான் சார் அத. ஓசில கெடச்சதுன்னு நெனச்சா எப்டி சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "அந்தக் காயி?"

தினேஷின் உதடு கோணியது. "அது நெஜமாவே வுழுல சார். கண்ண மூடுனா அங்கியே நிக்குது. எப்டி வுழாம போச்சுன்னே தெர்ல. கோவம் வந்துகினே கீது சார், நெஞ்சு வெடிச்சிரும் போலக் கீது." சொல்லிக்கொண்டே முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதான். நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை.

சார் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேராக நிமிர்ந்து நின்றார். அந்த ஏரிக்கரையில், அவனைப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்தார். நானும் தட்டினேன். நடைக்கு வந்தவர்கள் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீருக்கு மேல் போய்க்கொண்டிருந்த கொக்குகள் விலகிப் பறந்தன.

"அய்ய, வுடுங்க சார், எல்லாரும் பாக்குறாங்கோ... அக்கா, நீயாவது நிறுத்துக்கா!" அழுதுகொண்டே சிரித்துவிட்டான்.

நாங்கள் நிறுத்தவில்லை.